உப்புப் போட்ட மண்

மலைநகரமான பூனோவின் சந்தையில் உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளும் களிமண்ணை எவாரிஸ்டாவைப் போல வழவழவென்று குழைக்க ஆளில்லை. அந்த மண்ணில் நஞ்சு இருப்பதாக யாரோ புரளி கிளப்பிவிட, கடையை இழுத்து மூட நகராட்சி தயாராக நின்றது. ஆய்வு முடிவுதான் பாக்கி. அந்த வேலை வந்து விழுந்ததோ, பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்த மருமகள் நில்டாவின் தலையில். 'நாக்கு நீளம்' என்று சந்தை முழுக்க எவாரிஸ்டா தூற்றிய அதே மருமகள். நழுவப் பார்த்தாள், கருவியை இயக்க வேறு ஆளில்லை.

மாமியார் கொடுத்தனுப்பிய மண்ணை அமிலத்தில் கரைத்து நிறை நிறமாலைமானியில் செலுத்தினாள். அணுக்களை எடை பார்த்துப் பிரிக்கும் கருவி அது. ஈயம் பேருக்குத்தான் இருந்தது, காட்மியமும் அப்படியே. ஆர்செனிக் மட்டும் எகிறியது. நில்டாவுக்கு ஒரு குறுகுறுப்பு: அது மட்டும் ஏன்?

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனாள்.

"என்னடி, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியா?"

"இன்னும் முடிவு எழுதல அத்தே."

"அதான் ஒன் மூஞ்சியிலயே எழுதியிருக்கே. உக்காந்து தின்னு."

கிழங்கை மண்குழம்பில் தோய்த்து வாயில் போட்ட நில்டா, நாக்கில் உப்புத் தட்டியதும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அத்தே, சோதிக்கக் குடுத்ததும் இந்தச் சட்டியிலேருந்துதானா?"

"பின்னே? படிச்சவங்க வாயில வைக்கப் போறாங்க. உப்பில்லாமக் குடுத்தா என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"அய்யோ, அங்க யாரும் அதைத் திங்கல அத்தே!"

"திங்காம என்னடி சோதனை?"

நில்டாவுக்குச் சிரிப்பு வெடித்தது. உப்பிலுள்ள குளோரின், கருவியில் பாயும் ஆர்கான் வாயுவோடு ஒட்டிக்கொண்டால், சேர்ந்த எடை அச்சு அசலாக ஆர்செனிக்கின் எடை. அவர்களுடைய பழைய கருவிக்கு வித்தியாசம் தெரியாது. பாடத்தில் படித்ததுதான், சட்டியில் தேடத் தோன்றவில்லை.

மூட்டையிலிருந்து உப்புப் படாத மண்ணை அள்ளிக்கொண்டு ஓடினாள். சந்தேகம் தீர, அதில் கொஞ்சத்தை உப்புக் கலந்தும் சோதித்தாள். வெறும் மண்ணில் ஆர்செனிக் அடங்கிக் கிடந்தது. உப்பு மண்ணில் மறுபடி எகிறியது.

மறுநாள் சந்தையில் மாமியாரிடம் சொன்னாள்: "மண்ணு சுத்தம் அத்தே. உப்புதான் விஷம் மாதிரி வேஷம் போட்டிருக்கு. ஒங்க கடைய யாரும் மூட முடியாது."

எவாரிஸ்டா தோள்போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்துக் கடைக்காரிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"மெஷினுக்கு நாக்கு கெடையாது. நல்லவேளை, என் மருமகளுக்கு நீளமா இருக்கு!"