ஓர் ஆழாக்கு மாவு

மார்கழி முதிர்ந்திருந்தது. விடிந்தும் விலகாத பனி, அடியார் மேனியில் பூசிய நீறுபோலக் கோட்டையூர் ஓடுகளின்மேல் படிந்து கிடந்தது. கோயிலில் பதிகம் ஓதும் ஒலி நெடிய முற்றங்களுக்குள் நுழைந்து மெல்ல அடங்கியது. உயிர்கள் யாவும் ஒரு கதவு திறக்கக் காத்திருப்பதுபோன்ற மாதம் அது.

விசாலம் பின்கட்டுச் செங்கல் அடுப்பிலிருந்து பன்களை எடுத்துக்கொண்டிருந்தாள். பர்மாவிலிருந்து திரும்பியதும் அவள் தந்தை குழந்தைவேலு செட்டியார் ஆசையாய்க் கட்டிய அடுப்பு. பல நாளாக மோரன்றி வேறெதுவும் தொண்டையில் இறங்காதிருந்தவர், நேற்று வாய்திறந்து ஒரு பன் கேட்டிருந்தார்.

“மாவு நாலு ஆழாக்கு, பாலு ஒண்ணரை. மத்ததெல்லாம் ஒனக்குத் தெரியுமே விசாலம்.”

கடைகளில் படியும் ஆழாக்கும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்துவிட்ட காலம். பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணன் தண்டாயுதபாணி யோசிக்காமலே சொன்னான்: “ஆழாக்குக்கு நூத்திநாப்பது கிராமு. தராசுல போட்டு எடு.” அவளும் அப்படியே நிறுத்துப் பிசைந்தாள்.

பாலில் நனைத்து ஊட்டிய துண்டு தந்தையின் வாயில் அப்படியே நின்றது. இறங்கவில்லை. விரலால் எடுத்துப் பார்த்தார்.

“ஏண்டா தண்டாயுதபாணி, இது பன்னா, அம்மிக் கல்லா?”

“ஆழாக்குக் கணக்குத்தான் அப்பச்சி. அரிசிக்கு அம்புட்டுத்தானே வருது?”

“அரிசிக்கு!” மூச்சு வாங்கியது, கண்களில் மட்டும் சிரிப்பு. “அரிசிக் கணக்குல மாவப் போட்டியாக்கும். மாவு லேசுடா. அதே ஆழாக்குல அரிசி கனத்து உக்காரும், மாவு பூப்போல நிக்கும். நல்லா யாவாரம் பாக்குற, போ.”

அண்ணன் தலை கவிழ்ந்தான். விசாலம் எழுந்தாள். இன்னொரு நாள் வாய்க்குமோ வாய்க்காதோ. அந்த ஒரு வாய் அவருக்குள் இறங்கிவிட வேண்டும்.

வீட்டில் எஞ்சியிருந்த ஆழாக்கு ஒன்றே. பித்தளையால் ஆன அது, வீடு நிறைந்திருக்கவென்று பூசையறையில் விளக்கினருகே நெல் நிறைந்து நின்றது.

“அதுல கை வைக்காதடி,” என்றாள் தாய் சிகப்பி ஆச்சி. “நெறஞ்சு நிக்கிறத இன்னைக்குப் போயிக் கவுப்பாகளா?”

“அப்பச்சிக்குத்தானே ஆத்தா.”

ஆச்சி விளக்கை ஒருமுறை பார்த்தாள். பின்பு தானே ஆழாக்கை எடுத்து, நெல்லைத் தன் முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டு, வெறும் ஆழாக்கை மகளிடம் நீட்டினாள்.

விசாலம் மாவைச் சலித்து, ஆழாக்கில் அமுக்காமல் இட்டு, மேலே குவிந்ததை வழித்தாள். அண்ணன் அதைத் தராசில் கொட்டிப் பார்த்தான்.

“நூறுகூட இல்லையே!” என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

மாவு பொங்கி, வெந்து, வெளியே வரும்போது விளக்கு வைக்கும் வேளையாகிவிட்டது. தட்டைத் தந்தையின் அருகே கொண்டுபோனாள். அவர் வாய் திறக்கவில்லை. கட்டைவிரலை மெல்லத் தூக்கி, பன்னின் நடுவே வைத்து அழுத்தினார். விரலை எடுத்ததும் பள்ளம் சிறிது சிறிதாக மேலெழுந்து மறைந்தது. முழுதும் எழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பச் சரி,” என்றார்.

ஒரு துண்டைப் பிட்டுப் பாலில் நனைத்துக்கொண்டு அவள் திரும்பியபோது அவர் விழிகள் அசையவில்லை. கட்டைவிரல் பன்னின்மேல் சாய்ந்திருந்தது. விரலடியில் அமிழ்ந்த பள்ளம் எழவில்லை.

துண்டு அவள் கையிலேயே இருந்தது. அண்ணன் சுவரோடு சாய்ந்து அமர்ந்துவிட்டான். ஆச்சி அழவில்லை. காலையில் முடிந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். விசாலம் ஆழாக்கைச் சேலைத்தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். உள்ளே மாவு சிறிது ஒட்டியிருந்தது. ஆச்சி ஒரு மணியும் சிந்தாமல் அதில் நெல்லை நிறைத்தாள்.

நிறைந்த ஆழாக்கைத் தந்தையின் தலைமாட்டில் வைத்து, விசாலம் அருகே விளக்கை ஏற்றினாள். அவர் நெற்றியில் மூன்று விரலால் நீறிட்டு, ஐந்தெழுத்தை ஓசையின்றிச் சொல்லிக் கைகூப்பினாள்.

குனிந்த அவள் தலைமேல் தாயின் கை வந்து அமர்ந்தது.

“நெறஞ்சு இருடி.”