அம்மாவின் ஏழாவது வளைவு

நாளையிலிருந்து மலைப்பாதையில் கார்கள் போகக்கூடாது. நகரத்திலிருந்து நேராகச் சுரங்கச் சாலை திறந்துவிட்டார்கள். காட்டை இனிக் காட்டுக்கே விடுகிறார்களாம். நல்லதுதான். ஆனால் அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடாமல் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவ அந்த ரோட்டுல போயிட்டு வந்துடலாமா?"

அண்ணனுக்கு வேலை இருந்தது. நான் கூட்டிப்போகிறேன் என்றதும் சிரித்தான். "நீயா? அது மலை, மார்க்கெட் தெரு இல்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மரங்கள் இன்னமும் சாலைக்குக் கூரை போட்டிருந்தன. சின்ன வயதில் ஞாயிறுதோறும் அப்பா ஓட்டுவார், அம்மா முன்னால், நானும் அண்ணனும் பின்னால் ஜன்னலுக்கு அடித்துக்கொள்வோம். ஏழாவது வளைவு வந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றும். ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை. அப்பா வண்டியை ஓரங்கட்டுவார். "அம்மா ஸ்டாப்பு வந்தாச்சு!" என்று நாங்கள் கத்துவோம். அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி தானும் சிரிப்பாள். அப்பா போன பிறகும் இந்தக் கேலியை நாங்கள் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஆறாவது வளைவு தாண்டியதும் இடப்பக்க மரங்கள் சட்டென்று முடிந்தன. கீழே கிடுகிடு பள்ளம், அடியில் தீப்பெட்டி அளவுக்கு நகரத்து வீடுகள். எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. வீம்புக்கு வந்துவிட்டேனே தவிர, உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பயம் என்று சொன்னால் அண்ணன் ஆயுசுக்கும் விடமாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் ஓரமா நிறுத்தும்மா. தலைய சுத்துது," என்றாள் அம்மா.

நிறுத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு சுற்றிக்கொண்டு ஓடினேன். அவளோ இறங்கி, தடுப்புச் சுவரில் சாய்ந்து நிதானமாக பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"தலை சுத்துதுன்னியே?"

"உன் கை நடுக்கம் நின்னுச்சா, பாரு. உங்கப்பாவுக்கும் அஞ்சு நிமிஷம் ஆகும்."

அவள் தோளில் முகம் புதைத்து அழுதேன். அம்மா முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"வீட்டுல அண்ணன் கேட்டா, எனக்குத்தான் தலை சுத்துச்சுன்னு சொல்லு."