பேக்கரிக்குப் பின்னால் ஒரு ஸ்டாப்

"டிக்கெட் இப்ப சல்லிசா இருக்கு," என்றான் என் புருஷன் கங்காதர். சென்ட்ரிங் ஃபோர்மேன். வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"யாருக்கு?"

"உனக்கும் பாப்பாவுக்கும். ஏப்ரல்ல ஒண்ணாங்கிளாஸ். இங்க ஃபீஸ் கட்டி நம்மால முடியாது. ஊர்ல, ஜக்தியால்ல படிக்கட்டும்."

"நான் போகல."

எங்கள் கட்டடத்தில் இது வழக்கம். பிள்ளை கே.ஜி. முடிக்கும்வரை பெண்டாட்டி ஷார்ஜாவில் இருப்பாள். ஒன்றாம் வகுப்பு வந்ததும் இரண்டு பேரையும் விமானம் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு மாதப் புருஷன்.

எனக்கு அந்தக் குடித்தனம் தெரியும். கல்யாணமான கையோடு இவன் இங்கே வந்துவிட்டான். நான் மாமியார் வீட்டில் பீடி சுற்றினேன். இலையில் தூளை வைத்து நூல் கட்டும்போது காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோன் இருக்கும். "சாப்பிட்டியா?" "சாப்டேன்." எங்கள் தாம்பத்தியம் அவ்வளவுதான். மகள் ஹர்ஷினி ஃபோனைக் காட்டித்தான் அப்பா என்றாள். இங்கே வந்து இறங்கிய பிறகுதான் அப்பாவுக்குக் கால் இருப்பதைப் பார்த்தாள். மறுபடி அவளுக்கு ஃபோனை அப்பாவாக்க நான் தயாராக இல்லை.

"அப்ப ஸ்கூலுக்கு?"

"நான் பாக்குறேன்."

"நீயா?" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனான்.

முதலில் போன பெரிய ஸ்கூலில் நீச்சல் குளத்தைக் காட்டினார்கள். ஹர்ஷினியை வீட்டில் குளிக்க வைக்கவே அடிக்க வேண்டியிருக்கிறது. கழிவறையைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. இரண்டாவது ஸ்கூலில் ஒரு மேடம், "வீட்ல என்ன பாஷை பேசுவீங்க?" என்று கேட்டாள். "சண்டைன்னா தெலுங்கு மேடம். மத்த நேரம் அவ்வளவா பேசிக்கிறதில்ல," என்றேன். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது, லாரி பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. அரசாங்கச் சோதனையில் கடைசி வரிசை மார்க். ஃபீஸ் மற்றதில் பாதி. நான் முதலில் ஆபீசுக்குப் போகவில்லை. விடுகிற நேரத்தில் கேட்டுக்கு எதிரே வெயிலில் நின்றேன். பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு டீச்சர் ஒருவனுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டே கணக்கைத் தப்பாகப் போட்டதற்குத் திட்டினாள், பேர் சொல்லித் திட்டினாள். உள்ளே போய்க் கழிவறையைப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது.

ஆனால் ஆபீசில் கேட்டால், பஸ்ஸுக்கும் சேர்த்து அதுவும் எங்களுக்கு எட்டவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த பஸ் ஆயா ஸ்டெல்லா சேச்சி, கொல்லத்துக்காரி, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒம்பதாம் நம்பர் பஸ்ஸுக்கு ஆயா இல்ல. வர்றியா? ஸ்டாஃப் புள்ளைக்கு ஃபீஸ்ல பாதி, பஸ் சும்மா. வாந்தி எடுத்தா தொடைக்கணும்."

"வீட்ல சம்பளமில்லாமலே அதத்தான் செய்றேன், சேச்சி."

புருஷன் விசாவில் இருக்கிறவள் வேலைக்குப் போக வேண்டுமானால், ஆட்சேபம் இல்லை என்று புருஷன் கையெழுத்துப் போட வேண்டுமாம். காகிதத்தை நீட்டினேன். கங்காதர் தொடவில்லை.

"நாப்பது பேரு எனக்குக் கீழ நிக்கிறானுங்க. கங்காதர் பொண்டாட்டி பஸ் ஆயான்னு சொல்லுவானுங்க."

"சொல்லட்டும். கங்காதர் பொண்டாட்டி ஊர்ல கிடக்கான்னு சொல்றதுக்கு இது மேல்."

"ரவீந்தர் சாரைக் கேட்டேன். அது லேபர் புள்ளைங்க ஸ்கூலாம்."

"நீ யாருய்யா, கலெக்டரா?"

"ஃபோர்மேன்."

"ஃபோர்மேன்னா கத்துற லேபர். மத்தவன் கத்தாத லேபர்."

"சார் சரின்னு சொன்னா போடுறேன்," என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ரவீந்தர் சார் இவன் கம்பெனி இன்ஜினியர். கரீம்நகர்க்காரர். எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடி. அவர் மழை வரும் என்றால் இவன் குடை எடுப்பான், ஷார்ஜாவில்.

மறுநாள் காலையில் ஸ்டெல்லா சேச்சி ஸ்டாப்புகளைக் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தாள். எங்கள் தெருவைத் தாண்டி, பேக்கரிக்குப் பின்னால் ஒரு ஸ்டாப். மாவு இறக்கும் லாரிகள் பின்னுக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ரவீந்தர் சார், மகன் சரணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் மேல் பெரிய கோட்டு. கோட்டுக்குக் கீழே அந்த ஸ்கூலின் அரக்கு நிற நிஜார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"புள்ளைங்க ஸ்கூலுக்குக் குடுத்த காசைக் கம்பெனில நிறுத்திட்டாங்கம்மா. பில்டிங்ல யாருக்கும் தெரியாது. கங்காதர்கிட்ட..."

"சொல்ல மாட்டேன் சார். நீங்க அவர்கிட்ட சொன்னதை மட்டும் மாத்திச் சொல்லிருங்க."

"என்னன்னு?"

"நல்ல ஸ்கூல்னு. பொய் இல்லையே. பெத்த புள்ளையவே அனுப்புறீங்க."

சாயங்காலம் இறங்கி வந்தார். டீ குடித்தார். "விசாரிச்சேன் கங்காதர், அந்த ஸ்கூல் பரவால்ல," என்றார். அவர் படியேறுவதற்குள் இவன் பேனாவைத் தேடினான்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நான் தொண்டை கிழியக் கத்தியது ஏறவில்லை. அவர் ஒரு வாய் டீக்கு நடுவில் சொன்னது ஏறிவிட்டது.

"நான் சொன்னதுக்குப் போடல இல்ல?"

"யார் சொல்லிப் போட்டா என்ன? போட்டாச்சுல்ல."

காகிதத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். கோபத்தில் அதைக் கிழிக்கிற அளவுக்கு நான் வசதியானவள் இல்லை.

வேலையில் சேருவதற்கு முந்தின நாள் மூன்றாவது மாடிக்குப் போனேன்.

"சார், நாளைலருந்து பஸ் நம்ம வாசல்ல நிக்கும். டிரைவர்கிட்ட பேசிட்டேன். சரணை இங்கயே ஏத்துங்க."

"சொல்ல மாட்டேன்னியேம்மா..."

"சொல்லல சார். பஸ் நிக்கப் போகுது, அவ்வளவுதான். அந்த லாரிக்கு நடுவுல என்னால புள்ளைய ஏத்த முடியாது. ஒளிச்சு ஒளிச்சுக் கூட்டிட்டுப் போனா, அவன் என்னத்தையோ திருடிட்டதா நெனச்சுக்குவான்."

கதவைச் சாத்திக்கொண்டார். வருவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

காலையில் ஆயாக்களுக்கான நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் படியில் நின்றேன். வாசலில் கம்பெனி வண்டிக்காகக் காத்திருந்த ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். கங்காதர் ஹர்ஷினியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றான். ஒருவன் இருமினான். சிரிப்பை அடக்குகிற இருமல்.

"சரண் ரவீந்தர்," என்று மூன்றாவது மாடிக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.

டிரைவர் ஹாரனில் கை வைத்தான். அப்போது படியில் காலடி கேட்டது. சார் வந்தார். பையன் மேல் கோட்டு இல்லை. அவன் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்து ஜன்னலோரம் பிடித்தான். இருமியவன் சாருக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றான்.

கங்காதர் என்னைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"சார் புள்ளையும் இதுலயா?"

"லேபர் ஸ்கூல்யா. உன் பொண்ணைத் தூக்கி விடு, நேரமாகுது."

தூக்கி விட்டான். கையை எடுக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான். என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"லீவுக்கு டிக்கெட் சல்லிசா இருக்கான்னு பாரு," என்றேன். "மூணு பேருக்கு. போக வர."

கதவைச் சாத்தினேன்.