இடி விழுந்த பிறகு

கோமாஹுன் ஊருக்கு மின்சாரம் வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. ஆற்றங்கரையில் சோலார் பலகைகளை நட்டு, பக்கத்தில் சிமெண்ட் அறை ஒன்றைக் கட்டி, யேமாவைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கம்பெனிக்காரர்கள் தலைநகருக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஊர் மருமகள்களில் பள்ளிப் படிப்பை முடித்தவள் அவள் ஒருத்திதான். பலகைகளைக் கழுவுவாள், புல் வெட்டுவாள், கோளாறு என்றால் போன் செய்வாள். அதற்கு மேல் எதையும் தொடக் கூடாது என்பது உத்தரவு.

அவள் நாத்தனார் மஸியாட்டு மீன் வியாபாரி. மீன் கெடாமலிருக்க இருபது வருஷம் அதைப் புகைபோட்டே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். இனியும் புகையில் நின்றால் பார்வை போய்விடும் என்று மாவட்ட ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கரண்ட் வந்த மாதமே ஃப்ரீசர் வாங்கினாள். புகை அடுப்பை இடித்துப்போட்டாள்.

மே மாத முதல் மழையில் இடி விழுந்தது. காலையில் யேமா அறையைத் திறந்தால் இன்வெர்ட்டரிலிருந்து கருகிய வாடை. போன் செய்தாள். புதுசு கப்பலில் வருகிறது, பொறுத்திருங்கள் என்றார்கள்.

மூன்றாவது வாரம் ஊரே திரண்டு வந்தது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த நாள் அது.

"வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, கரண்ட் மட்டும் இல்லைங்கிற. சூரியனையும் உள்ள வச்சுப் பூட்டிட்டியா?" என்றார் தையல்கார பிரைமா.

யேமா அறையைத் திறந்து காட்டினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவளுக்கும்தான்.

இரண்டாம் மாதம் ஒரு இன்ஜினியர் மோட்டார் சைக்கிளில் வந்தான். பெட்டியைக் கழற்றினான், போட்டோ எடுத்தான், திரும்ப மூடினான். எப்போது சரியாகும் என்று யேமா கேட்டாள்.

"நான் பாக்கத்தான் வந்தேங்கா. மாத்துறவங்க வேற ஆளு."

மஸியாட்டு சமைத்துக் கொடுத்த மரவள்ளிக் கீரையையும் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, மழைக்கு முன்னால் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

மறுநாள் மஸியாட்டு மண் குழைத்தாள். அடுப்பு வேண்டாம் என்று யேமா காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"என் கண்ணைப் பாத்துக்கிட்டிருந்தா பிள்ளைங்க வயிறு நிறையுமா?" என்றாள் மஸியாட்டு.

அவளுக்குப் பதிலாக யேமா இரண்டு நாள் புகையில் நின்றாள். கூடை மீன் முழுதும் கரிந்துபோனது.  மீன் திருப்பும் குச்சியை மஸியாட்டு அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் யேமா சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி மறுபடி போன் செய்தாள். எடுத்தது புதுக் குரல். கம்பெனி கைமாறிவிட்டதாம். ஊர்ப் பெயரைக் கேட்டார்கள். எழுத்து எழுத்தாக மூன்று தடவை சொன்னாள். அப்படி ஒரு ஊர் எங்கள் பட்டியலில் இல்லையே என்றார்கள். வேறு யாரிடம் கேட்பது என்று அவள் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

இறங்கி வந்தபோது மஸியாட்டு மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு முழத் தூரத்தில் போய் நின்றாள் யேமா.

"யாரது?" என்றாள் மஸியாட்டு.

"நான்தான் அண்ணி."

"நீயா. போன் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. மழை விட்டதும் வர்றாங்களாம்."

மஸியாட்டு தலையாட்டினாள். யேமா குனிந்து ஈர விறகைப் பிரித்து அடுக்கத் தொடங்கினாள்.