மூன்று மில்லிமீட்டர்

பழைய மென்பொருளின் உரிமம் அந்த மாதத்தோடு முடியவிருந்தது. புதிதாக எதை வாங்குவது என்று பார்க்கும் வேலையை முதலாளியம்மா என்னிடம் கொடுத்தார். அத்தானிடம் கொடுக்கவில்லை. சர்க்யூட் போர்டு வரைகிறவர் அத்தான். பதினெட்டு வருடமாக ஒரே மென்பொருள். நான் ராத்திரி ஷிப்டில், செய்து முடித்த போர்டுகளைச் சோதிக்கிறவன்.

"வரையறவங்ககிட்ட கேட்டா பழகினதைத்தான் நல்லதுன்னு சொல்வாங்க. தப்பு கண்டுபிடிக்கிறவன் பார்க்கட்டும்" என்றார் முதலாளியம்மா.

அத்தான் என் அக்காவின் கணவர். டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டுச் சும்மா கிடந்த என்னை இங்கே சேர்த்துவிட்டவர். மாதத்துக்கு ஒருமுறையாவது அதைச் சொல்லிக்காட்டுவார். இரண்டாம் வருடமே அவருக்குப் பக்கத்து மேசையில் என்னையும் வரைய உட்கார வைத்தார்கள். வரைகிற நேரம் போக, ஈயத்தை உருக்கிப் போர்டில் பாகங்களை ஒட்டும் சால்டர் வேலையும் நான்தான்.

அப்போதுதான் அந்த லிஃப்ட் போர்டு; வரைந்தது அத்தான், சால்டர் வைத்தது நான். ஓர் அடுக்குமாடியில் அது புகைந்து லிஃப்ட் நடுவில் நின்றது. உள்ளே மூன்று பேர், ஒன்றரை மணி நேரம். போர்டில், மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேவுக்குப் பக்கம் கரிக்கட்டையாகியிருந்தது. கரியைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. அத்தான் சொன்னார்: "சால்டர் சொட்டியிருக்கு. வெச்சது நம்ம மாப்ளதான்."

அன்றிலிருந்து என் பெயர் சொட்டு. மேசை போனது, ராத்திரி ஷிப்ட் வந்தது. இரண்டு வருடம்.

கையில் இருந்தவை இரண்டு மென்பொருள்கள். திங்கட்கிழமை இரண்டிலும் அந்த லிஃப்ட் போர்டைத்தான் திறந்தேன். வேறு எதைத் திறப்பேன்? சோதிக்கச் சொன்னதும் ரிலேவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம் வந்தது. பெரிய மின்சாரம் போகும் தடத்துக்கும் சின்ன மின்சாரத் தடத்துக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இருந்தது முக்கால் மில்லிமீட்டர்; பொறி தாவி எரிய அது போதும். பழைய மென்பொருளில் ஓர் எச்சரிக்கையைக் 'கண்டுகொள்ளாதே' என்று ஒதுக்கிவிட்டால் அது பிறகு திரையில் வராது. ஆனால் அப்படி ஒதுக்கியது வேறு மென்பொருளுக்குக் கூடவே வராது.

யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் தனியாகச் சொன்னால் பேசியே மழுப்பிவிடுவார். அம்மாவிடம் தனியாகச் சொன்னால் போட்டுக்கொடுத்தவன் ஆவேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நாளும் பசி நன்றாக எடுத்தது.

காலை பத்து மணி. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா, கொள்முதல்காரர், அத்தான்.

"என்ன சொட்டு, தூக்கக் கலக்கத்துல எதையாவது நம்ம தலையில கட்டிடாதே" என்றார் அத்தான். கொள்முதல்காரர் சிரித்தார்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க அத்தான்." நாற்காலியை அவருக்கு விட்டேன்.

திரையைப் பார்த்ததும் அவர் கை நின்றது. "இந்தப் பழசை எதுக்குத் திறந்தே?"

"கஷ்டமான போர்டா இருந்தாத்தானே லட்சணம் தெரியும்."

"வேற எடு."

"இதுவே இருக்கட்டுமே. செக் பண்ணுங்க" என்றார் அம்மா.

அமுக்கினார். சிவப்பு வட்டம்.

"இது ரொம்பக் கறார் புடிச்ச சாப்ட்வேர்ம்மா. தும்மினாக்கூடத் தப்புங்கும்."

"சரி, இன்னொண்ணுல திறங்க."

அதே இடம். அதே வட்டம்.

"ரெண்டும் சேர்ந்து தும்முதே" என்றார் கொள்முதல்காரர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தார். "பழையதுல இது ஏன் வரலை?"

"ஒதுக்கி வெச்ச லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கும்மா. அத்தான் திறந்து காட்டுவார்."

அவர் திறக்கவில்லை. நான் திறந்தேன். ஒரே ஒரு வரி. அத்தானின் பெயர், தேதி. அந்தத் தேதிக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் போர்டு சால்டர் வைக்க என் கைக்கே வந்தது.

"அவசரம்மா. அப்புறமா சரி பண்ணிக்கலாம்னு விட்டேன். மறந்துட்டேன்."

"இவன் மேல பழி போட்டதும் மறதியிலதானா?"

அத்தான் என்னைப் பார்த்தார். 'விடுங்கம்மா, குடும்பத்துக்குள்ள' என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

"நாளையிலிருந்து பகல்ல வா. உன் மேசைக்கே போ" என்றார் அம்மா. "எதை வாங்கலாம்?"

உண்மையில் நல்லது இரண்டாவதுதான். பழையதைப் போலவே இருக்கும். அத்தான் ஒரு வாரத்தில் பழகிவிடுவார். முதலாவதில் எல்லாமே தலைகீழ். பழையதில் தடத்தை நகர்த்தும் அதே கீபோர்டு விசை இதில் தடத்தை அழிக்கும்.

"முதலாவது" என்றேன்.

"ஏன்?"

"செக் பண்ணாம ஃபைலை வெளியே விடாதும்மா."

இரண்டாவதும் விடாது. யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அத்தான் பக்கத்து மேசையில் புது மென்பொருளோடு தடவிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடத்து விரல்கள். தானாகவே பழைய விசைக்குப் போயின.

"மாப்ளே, போட்டது எங்கே போச்சு?"

"ஹெல்ப்ல இருக்கு அத்தான். படிங்க."

மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"வீட்ல யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறார்டா. பக்கத்துலதானே உட்கார்றே, கொஞ்சம் சொல்லிக்குடேன்."

"சொல்லித்தரேன்க்கா."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் போகட்டும்."

"நீ அவருக்குக் கொஞ்சமும் சளைச்சவன் இல்லைடா" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்து மேசையில் மறுபடி எதுவோ அழிந்துபோயிருக்க வேண்டும். அத்தான் உச்சுக் கொட்டினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.