இரண்டு சொட்டு அமோனியா

“அக்கா, வெட்டுறப்ப மரத்துக்கு வலிக்காதா?”

ஆறு வயதில் மாயாண்டி கேட்டது அது. அக்காள் ராக்காயி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகும்போது வாளியை இழுத்துக்கொண்டு அவனும் பின்னாலேயே போவான். “அது சொன்னாத்தானே தெரியும்? நடடா, வெயில் வந்துட்டா பால் நின்னுபோகும்” என்றாள் ராக்காயி. அவளுக்கு அப்போது பதினாறு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில், சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாயாண்டிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. ஈப்போ ஆஸ்பத்திரியில் வயிற்றில் குழாய் போட்டுக் கழிவை எடுத்தார்கள். உடம்பில் ரத்தம் ஊறவில்லை. யார் யாரோ தானம் கொடுத்த ரத்தத்தை ஏற்றினார்கள். கூடப் பிறந்தவர் ஒரு சிறுநீரகம் கொடுத்தால் கோலாலம்பூரில் மாற்றி வைக்கலாம் என்றார் டாக்டர். கூடப் பிறந்தவள் ராக்காயி ஒருத்திதான்.

டாக்டர் அவளுடைய கணவர் இராமசாமியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவளைத் தனியே கேட்டார். “யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? பயமா இருந்தா சொல்லுங்க. பொருந்தலன்னு நானே சொல்லிடறேன்.”

“இடுப்புல தூக்கி வளத்த புள்ள டாக்டர். இப்ப எறக்கி வுடச் சொல்றீங்களா?”

ரத்தம் பொருந்தியது. அடுத்து, ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். தாதி டோரிஸ் பெரிய பாட்டில் ஒன்றைக் கொடுத்து, “ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. கெட்டுப்போகாம பாத்துக்கங்கக்கா” என்றாள்.

தோட்டத்தாட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் ஐஸ் பெட்டி ஏது? மத்தியானம் தகரக் கூரை கொதித்தது. ராக்காயிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெயிலில் பால் உறையாமலிருக்க வாளியில் விடும் அமோனியா அடுப்படியில் இருந்தது. சாமியை வேண்டிக்கொண்டு இரண்டு சொட்டு விட்டாள்.

மறுநாள் மூடியைத் திறந்த டோரிஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“என்னக்கா ஊத்துனீங்க?”

“அமோனியாலா. பாலுக்கு விடுவோமே, அதான்.”

டோரிஸ் சிரித்துவிட்டாள், பிறகு ராக்காயியின் முகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். சோதனை வீண். டாக்டர் கோபமாகக் கேட்டபோது டோரிஸ் முந்திக்கொண்டு, “நான்தான் சரியா சொல்லிக் குடுக்கல டாக்டர்” என்றாள்.

மாயாண்டி படுக்கையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “வுட்டா பால் ஸ்டோருக்குக் கொண்டுபோயி எட போட்டிருப்ப! தோட்டத்துத் தொரைக்கே குழம்பிப் போயிருக்கும்லா!”

அவன் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

இரண்டாவது தடவை, மீன் விற்கும் சீனக் கிழவரிடம் போய் நின்றாள். அவர் எதற்கென்று கேட்கவில்லை. வாளி நிறைய ஐஸ் அள்ளிப் போட்டுவிட்டு, கொடுத்த காசைக் கையாலேயே தள்ளிவிட்டார். பாட்டில் சில்லென்று ஈப்போ போய்ச் சேர்ந்தது.

முடிவு வருவதற்குள் குழாய் போட்ட இடத்தில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, மாயாண்டி போய்விட்டான்.

காரியம் முடிந்த பிறகு ராக்காயி பஸ் ஏறிப் போய் டோரிஸ் முன்னால் நின்றாள்.

“என் சோதனை என்னாச்சு?”

டோரிஸ் அவளை உட்காரவைத்தாள். “நல்லா இருந்துச்சுக்கா. ஒரு குறையும் இல்ல.”

“நான் விட்ட ரெண்டு சொட்டாலதானே…”

“இல்லக்கா. அது இல்லன்னாலும் எக்ஸ்ரே, ஆபரேஷன்னு இன்னும் மாசக்கணக்கா இருந்துச்சு. காய்ச்சல் அதுவரைக்கும் காத்திருக்காது.” டோரிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பேச்சு ராக்காயியின் மனதில் எவ்வளவு இறங்கியது என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

எழுந்து போகும்போது கேட்டாள்: “அவனுக்கு ஏத்துன ரத்தமெல்லாம் யாரோடது?”

“தெரியாதுக்கா. குடுத்துட்டுப் போயிடுவாங்க. யாருக்குப் போச்சுன்னு அவங்களுக்கும் தெரியாது.”

சில மாதங்கள் கழித்து, மார்க்கெட்டுக்குப் போவதாக இராமசாமியிடம் சொல்லிவிட்டு ராக்காயி ஈப்போவுக்குப் போனாள். ரத்த வங்கியில் இருந்த பெண் புதியவள்.

“சொந்தக்காரங்க யாருக்காவதா அக்கா?”

“இல்லம்மா. சும்மாதான்.”

ஊசி ஏறியது. “வலிக்குதா?” என்று கேட்டாள் அந்தப் பெண். ராக்காயி, விடியற்காலையில் மரத்துப் பால் சொட்டும் மங்குக் கிண்ணத்தைப் பார்ப்பதுபோல, மெல்ல நிறைந்துகொண்டிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் மறக்காமல் ஒரு கட்டுக் கீரை வாங்கினாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும், கையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து மண்ணில் புதைத்தாள். ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தாள்.