அப்பா அறையில் மூன்றாவது இணைப்பு

வெளிநாட்டிலிருந்து அண்ணன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். "அப்பா ரூம்ல வைஃபை சுத்தமா வரல. வீடியோ கால் பாதியிலேயே நின்னுடுது. நானே ஆள் பிடிச்சு அனுப்புறேன், நீ கதவ மட்டும் திறந்து விடு."

பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொள்பவள் தங்கை. கூடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. அண்ணனுக்கு இவ்வளவு அக்கறையா என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது.

வந்த வைஃபை ஆள் போனைக் கையில் பிடித்தபடி அறை அறையாக நடந்தார். நடுவிலிருந்த குளியலறைச் சுவர்தான் சிக்னலை விழுங்குகிறது என்றார். அதைத் தாண்டி, அப்பா அறை வாசலருகே இன்னொரு பெட்டியைப் பொருத்தினார். கட்டில் மூலையில்கூட சிக்னல் நிரம்பி நின்றது. ஆனாலும் அவர் போனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"மேடம், புதுப் பெட்டியில மூணு இணைப்பு காட்டுது. என் போன், உங்க போன். மூணாவது என்ன? நிறுத்தாம வீடியோ அனுப்பிட்டே இருக்கே?"

"அப்பாகிட்ட போனே இல்லீங்களே."

அறையில் மின்சாரத்தில் ஓடியவை மின்விசிறியும், கட்டிலுக்கு எதிரே அலமாரிமேல் இருந்த கடிகாரமும்தான். போன தடவை வந்தபோது அண்ணன் வாங்கி வைத்தது. வைஃபை ஆள் அதன் ஒயரைப் பிடுங்கினார். மூன்றாவது இணைப்பு மறைந்தது. கடிகாரத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். எண்களுக்கு நடுவே கடுகளவு கண்ணாடி.

"இது கேமரா மேடம்."

அவள் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. அண்ணன்.

"அப்பா ரூம்ல கரண்ட் போச்சா?"

அடிக்கடி அறுந்துபோனது எது, அவனுக்கு எதற்கு இத்தனை அவசரம் என்பதெல்லாம் ஒரே நொடியில் அவளுக்கு உறைத்தது.

"கரண்ட் இருக்கு. கடிகாரத்தத்தான் பிடுங்கியிருக்கோம்."

அண்ணன் இழுத்தான். "தப்பா எடுத்துக்காத. நீ அப்பாவ எப்படிப் பாத்துக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? போன வாரம் சோத்தைத் துப்பிட்டாருன்னு எரிஞ்சு விழுந்தியே..."

"அதைப் பாத்தியா? அப்புறம் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு அழுதேனே, அதையும் பாத்தியா? நான் துணி மாத்தறது இந்த ரூம்லதான். அவரைத் துடைச்சு மாத்தி விடறதும் இங்கதான். உனக்குக் கூசலையா?"

பின்னால் சரசரப்புக் கேட்டது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அசையக்கூடிய ஒரே கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்தார்.

"எல்லாத்தையுமா... பாத்தான்?" என்று நாக்குக் குழறக் கேட்டார்.

வைஃபை ஆள் தலையைக் குனிந்தபடி வெளியே போய்விட்டார்.

அண்ணன் அழுதான், மன்னிப்புக் கேட்டான். லீவு போட்டு வருவதாகச் சொன்னான். "வா. வந்து பக்கத்துல உக்காந்து பாரு" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

இப்போது தினமும் கூப்பிடுகிறான். படம் துளியும் தடைபடாமல் வருகிறது. அப்பா அவனோடு பேசத்தான் செய்கிறார். ஆனால் அவள் போனை நேரே பிடித்தால், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.